திரும்பிப் போகவும் துணிவு வேண்டும்



பனிமூட்டத்தைப் பற்றி எமரால்டு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சற்றுமுன் தெரிந்த அணையும் தேயிலைத் தோட்டமும் மறைந்துவிடும்; எதிரே வரும் பேருந்துகூடத் தெரியாது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். வானில் பறப்பவருக்கோ ஓரங்கட்ட இடமில்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். ஒரு வாரம் உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானி நிலை தடுமாறினார், அது மலையில் மோதியது என்று 2022 ஜனவரியில் முப்படை விசாரணை கூறியது.

மலைசூழ்ந்த விமான நிலையங்களிலும் இந்த ஆபத்து உண்டு. காற்றின் திசை காரணமாகச் சில நேரம் ஒரு பக்கமாக இறங்கிவந்து, ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தபடியே சுற்றிச்சென்று மறுமுனையில் தரையிறங்க வேண்டும். இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு: குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, குறித்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஓடுபாதை கண்ணிலிருந்து மறைந்தால், அந்தக் கணமே முயற்சியைக் கைவிட்டு, ஓடுபாதைப் பக்கம் திரும்பி மேலேற வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை.

2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத்தில் மழைமேகத்தினூடே இவ்வாறு சுற்றிவந்த ஏர்புளூ விமானம் வட்டத்தைத் தாண்டி மார்கல்லா மலையில் மோதியது. 152 பேரும் இறந்தனர். எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. துணை விமானியும் திரும்பச் சொன்னார். தலைமை விமானி உடனே செவிசாய்க்கவில்லை.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், முதல் முயற்சியை விமானி சரியாகவே கைவிட்டு மேலேறினார். இரண்டாம் முறை, பின்னாலிருந்து காற்று தள்ள, ஓடுபாதையில் வெகுதூரம் தாண்டியே விமானம் தரைதொட்டது. மேலேறச் சொன்ன துணை விமானியின் குரல் ஏற்கப்படவில்லை. 21 உயிர்கள் போயின. மறுநாள் காலையில் அங்கிருந்தே அவருக்கு வேறு பணி காத்திருந்ததையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பயணம் ஆபத்தானது என்று கைதியான பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பல் தலைவரையும் உரிமையாளரையுமே நம்பினார். கப்பல் உடைந்தது. அறிவு குறைந்ததால் வந்த கேடல்ல அது. சிறியவரின் சொல்லைக் கேட்க மனமில்லாததால் வந்தது.

இது நமக்கும் பொருந்தும். திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வேனில் மலை இறங்கும்போது, 'நேரமாச்சு, சீக்கிரம் போங்க' என்று ஓட்டுநரை நெருக்குவது நாம்தானே? பின்னிருக்கையில் ஒரு பிள்ளை பயந்து சொன்னால் சிரிக்கிறோம். தாமதமாகச் சேர்வது அவமானமல்ல. ஞானிகளும் வேறு வழியாகத்தான் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள் (மத் 2:12).

இறந்தோர் அனைவரின் இளைப்பாற்றிக்காகவும், அன்று தண்ணீரும் போர்வையுமாக ஓடிவந்த நஞ்சப்பசத்திரம் மக்களுக்காகவும் செபிப்போம். பனி மூடும் நாள்களில் காத்திருக்கும் பொறுமையையும் இறைவனிடம் கேட்போம்.