இருபத்துநான்கு சிறு கதவுகள்

சென்ற ஆண்டு டிசெம்பர் மாத முற்பகுதியில், ஜேர்மனியிற் குடியேறி வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் ஊர் வந்தபொழுது, தம் மகளுடன் என்னைக் காண வந்தார். ஆறு வயதுச் சிறுமி. அவள் கையில் ஓர் அட்டை இருந்தது. பனி மூடிய சிற்றூரொன்றின் படம். அதில் ஆங்காங்கே இலக்கமிட்ட 24 சிறு கதவுகள். அவற்றுள் ஒன்பது திறந்திருந்தன. பத்தாவதனுள் யாதுளது என்று பார்ப்போமா என விரலை நீட்டினேன். அவள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அது நாளைக்குத்தான் தாத்தா" என்றாள்.

முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் பொறுமையைப் போதித்து வரும் என்னை அவ்விடை சற்றே நாணச் செய்தது. அவ்வட்டையின் வரலாற்றை அறிய விரும்பினேன். அறிந்தவற்றையும் அவைபற்றி எண்ணியவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னுள்ள நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய நாட்களைக் கிறித்தவர் திருவருகைக் காலம் என்பர். இயேசுவின் வருகையை எதிர்நோக்கி மனத்தை ஆயத்தஞ் செய்யுங் காலம் அது. 19ஆம் நூற்றாண்டில், ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து இல்லங்களில் இதனைச் சிறுவர்க்கு உணர்த்தப் பல வழிகள் தோன்றின. கதவில் வெண்கட்டியால் 24 கோடுகள் கீறி, நாளுக்கு ஒன்றாக அழிக்கச் செய்தனர் சிலர். நாடோறும் ஒரு படத்தைச் சுவரில் மாட்டினர் வேறு சிலர். ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறார்க்கு இல்லம் நடத்திய யோகான் விஹேர்ன் என்னும் சமயப் பணியாளர், 1839இல் வண்டிச் சில்லொன்றின்மேல் மெழுகுதிரிகளை நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றுவித்தார்.

கோடிட்டு நாளெண்ணுதல் தமிழ் கற்றார்க்குப் புதியதன்று. தலைவன் பிரிந்த நாட்களைச் சுவரிற் குறித்துத் தொட்டெண்ணியதனால் தலைவியின் விரல் தேய்ந்தது என்று பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை காண்பர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தலைவியின் கோடுகள் நாடோறும் பெருகுவன. அச்சிறாரின் கோடுகள் நாடோறும் குறைவன. அவள் எண்ணியது கழிந்த நாளை. இவர்கள் எண்ணியது வரும் நாளை. எல்லை தெரிந்த காத்திருப்பு ஆதலின், அது சிறுவராலும் தாங்கத்தக்கதாயிற்று.

அச்சிட்ட நாட்காட்டியின் வரலாற்றிற் பெரிதும் பேசப்படுபவர் கேர்ஹாட் லாங் என்பவர். 1881இற் பிறந்த அவர் சிறுவனாயிருந்த காலத்தில், அவர்தம் தாயார் 24 சிறு விசுக்கோத்துகளை ஓர் அட்டைமீது தைத்துக் கொடுத்து, நாளுக்கு ஒன்று உண்ணப் பணித்தாராம். பின்னர் மியூனிச் நகரில் அச்சகத் தொழிலிற் பங்காளராகிய லாங், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அந்நினைவை அச்சேற்றினார். முதலில் அவை படங்களை வெட்டி ஒட்டும் தாள்களாகவே இருந்தன. திறக்குங் கதவுகள் 1920களிலே வந்தன. ஒன்று கவனித்தற்குரியது. திருவருகைக் காலத்தின் தொடக்க நாள் நவெம்பர் 27க்கும் டிசெம்பர் 3க்கும் இடையில் ஆண்டுதோறும் மாறும். அச்சிட்ட நாட்காட்டிகளோ பெரும்பாலும் டிசெம்பர் 1இலேயே தொடங்குகின்றன. வழிபாட்டின் கணக்கு அச்சகத்தின் கணக்குக்கு வழிவிட்டது.

இதனினும் பெரியதொரு பாடம் இரண்டாம் உலக யுத்தகாலத்திற் கிடைக்கின்றது. ஹிட்லரின் ஆட்சியிற் காகிதத் தட்டுப்பாட்டின் பெயரால் இந்நாட்காட்டிகள் நின்றுபோயின. ஆனால் நாற்சிக் கட்சி தானே சிறுவர்க்கு நாட்காட்டி நூலொன்றை வெளியிட்டது. அதில் தொழுவத்துக் குழந்தைக்கு இடமில்லை; அவ்விடத்தைக் கட்சிக்கு உகந்த கதைகள் நிரப்பின. ஒரு குழந்தை எதனை எதிர்பார்த்து விழிக்கின்றது என்பதைத் தீர்மானிப்பவன் அதன் மனத்தையே ஆள்வான் என்பதை அவ்வாட்சியாளர் நன்கறிந்திருந்தனர். யுத்தம் முடிந்தபின், ஸ்ருட்காட் நகரில் றிச்சாட் செல்மர் என்பவர் அமெரிக்கப் படையினரின் அனுமதி பெற்று, 1946இல் ஒரு நாட்காட்டி வெளியிட்டார். 'சிறு நகர்' என்பது அதன் பெயர். நகரங்கள் இடிந்து கிடந்த நாட்டில் இடியாத ஒரு நகரின் படம்! அதன் முன் நின்ற சிறுவர் எதற்காகக் காத்திருந்தனர் என்பது நம் நாட்டார்க்கு விளங்காததன்று.

அரசு கைவிட்டதனை இன்று அங்காடி பற்றிக்கொண்டது. 1971இல் இங்கிலாந்தின் கட்பரி நிறுவனம் சொக்லேற் வைத்த நாட்காட்டியை விற்றது. இப்பொழுது வளர்ந்தோர்க்கென்றே தேயிலை, பாற்கட்டி, மது, வாசனைத் திரவியம் என வகைவகையாக வருகின்றன. 2021இற் பாரிசின் புகழ்பெற்ற அலங்காரப் பொருள் நிறுவனமொன்று ஏறத்தாழ 825 டொலர் விலையில் ஒன்றை விற்க, அதனுள் ஒட்டுப்படம் முதலியன இருந்தமை கண்டு வாங்கியோர் சினந்தனர். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 24 கதவுகளையும் ஒரே இருப்பில் திறந்து, அதனைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டுவோர் பலர். காத்திருத்தற்கென்று செய்த கருவி, காத்திராமைக்குக் கருவியாயிற்று.

வளர்ந்தோர்க்கு விளையாட்டு எதற்கு என்று எள்ளுதல் முறையன்று. டிசெம்பரில் அந்நாட்டுப் பகற்பொழுது எட்டு மணி நேரமளவே. இருளில் வேலைக்குச் சென்று இருளில் வீடு மீள்வோர்க்கு, காலையில் ஒரு சிறு கதவு திறத்தலும் ஆறுதலே. இனிப்பும் குற்றமுடையதன்று, லாங்கின் தாயார் கொடுத்ததும் இனிப்பே. ஆயின் அவர் தைத்த 24உம் 25ஆம் நாளை நோக்கி நின்றன. ஒவ்வொன்றும் சிறியதாயிருந்தமையாலேயே பின்வருவது பெரிதாயிற்று. இன்றோ ஒவ்வொரு கதவும் தானே முடிவாய் நிற்கின்றது. சிறிய பொருள் கண்டவர் சினந்ததும் இதனாலேயே.

மாற்று வழி கண்டோரும் உளர். ஜேர்மனியின் கெங்கன்பாக் என்னும் சிற்றூரில், 1996 முதலாக நகரசபைக் கட்டடத்தின் 24 சன்னல்களே நாட்காட்டியாகின்றன. மாலைதோறும் ஒன்று திறக்க, ஊர் கூடிநின்று பார்க்கின்றது. இங்கிலாந்திற் சில குடும்பத்தார், நாளுக்கு ஒரு பொருள் எடுப்பதற்கு மாறாக, நாளுக்கு ஓர் உணவுப்பொருளைப் பெட்டியில் இட்டு, நிறைந்ததும் வறியோர்க்கு வழங்குகின்றனர். எதனை எதிர்பார்ப்பது என்பதை இவர்கள் கடைக்காரனிடம் ஒப்படைக்கவில்லை.

நான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலத்தில், என் ஆசிரியர் நாளுக்கு ஒரு சூத்திரத்தின்மேற் சொல்லார். அடுத்ததைக் கேட்டால், "இதை மனத்திலே ஊறவிட்டு நாளைக்கு வாரும்" என்பார். இன்று என் மாணாக்கர் நூல் முழுவதன் குறிப்பையும் ஒரே இரவிற் பெற்றுவிடுகின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பிறர் கதவை நாள் வருமுன் திறக்க விரல் நீட்டியவன் நானே.

மறுநாட் காலையில் அம்மாணாக்கர் தொலைபேசியிற் பேசினார். பத்தாங் கதவினுள் ஓர் ஆட்டுக்குட்டியின் படம் இருந்ததாம். தாத்தாவுக்குச் சொல்லும்படி மகள் பணித்தாளாம். விடியற்காலை தொடக்கம் அச்செய்திக்காகவே நான் காத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றேன்.