பத்துப் பேர் வேணுமா?

யூதர்கள் பாஸ்கா பண்டிகைக்குச் சுடும் ரொட்டிக்கு மட்ஸா என்று பெயர். மாவு, தண்ணீர், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியைக் கடித்த மாதிரி இருக்கும் என்று சாப்பிடுகிறவர்களே ஜோக்கடிக்கிறார்கள். ருசியா முக்கியம்? மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிட வேண்டும். சும்மா விட்டு நேரம் தாண்டினால் புளித்த கணக்கு. பண்டிகைக்கு ஆகாது.

எபிரேயத்தில் உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் மட்ஸோத் (ரொட்டிகள்), மிட்ஸ்வோத் (கட்டளைகள்) இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள். இதைப் பிடித்துக்கொண்டு அந்தக்கால ரபிகள், கைக்கு வந்த நல்ல காரியத்தையும் புளிக்க விடாதே என்றார்கள். காளமேகம் இருந்திருந்தால் கை கொடுத்திருப்பார்.

இத்தாலிக்காரர் மோஷே ஹாயிம் லுட்ஸாட்டோ இன்னும் ஒரு படி மேலே. 1740-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'மெசிலாத் யெஷாரிம்' என்ற நூலில் சுறுசுறுப்புக்கென்றே சில அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். சோம்பேறி சும்மா இருக்க மாட்டானாம். தள்ளிப்போடுவதற்குப் பெரியவர்கள் வாக்கு, வேத வாக்கு, லாஜிக் எல்லாவற்றையும் சாட்சிக்கு இழுப்பானாம். (மனுஷர் எங்கள் ஆபீசைப் பார்த்ததே இல்லை!) மருந்தும் சொல்கிறார்: மனசு வரட்டும் என்று காத்திருக்காதே, உடம்பை முதலில் நகர்த்து, மனசு பின்னாலேயே வரும்.

என்னை உலுக்கினது வேறு. யோம் கிப்பூர் அன்று கிட்டத்தட்ட 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் விரதம். கடவுளுக்குச் செய்த தப்புக்கு அன்று மன்னிப்பு உண்டு. சக மனுஷனுக்குச் செய்ததற்குக் கிடையாது. அவனிடமே போய்த்தான் கேட்கணும். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதற்கு ரூல்ஸே எழுதி வைத்தார். மசியவில்லையா, மூன்று நண்பர்களோடு போ. அப்படியே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. ஆளே செத்துப்போயிருந்தால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இவருக்கு இன்ன தப்பு செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்லணும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஸ்டேட்மெண்டில் நான் போட்ட தப்பை, பக்கத்து சீட் நண்பன் தலையில் நைஸாகத் தள்ளிவிட்டேன். மெமோ அவனுக்கு. கொஞ்ச நாளில் மதுரைக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். பொங்கலுக்குச் சொல்லலாம், அவன் பெண் கல்யாணத்தில் சொல்லலாம், இதெல்லாம் நேரில் சொல்வதுதான் மரியாதை... லுட்ஸாட்டோ சொன்ன சாட்சிகள் எல்லாம் என்னிடம் ஆஜர்.

மனைவியிடம் இந்த மைமோனிடிஸ் சமாச்சாரத்தை சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, அந்தப் பத்துப் பேருக்கு இப்பவே சொல்லி வெச்சுடவா?" என்றாள்.

மணி பார்த்தேன். எழுந்து நின்று நம்பரைப் போட்டேன். முதலில் உடம்பு!

அவன் பெண்தான் எடுத்தாள். "அப்பா குளிச்சிட்டிருக்காரு அங்கிள். வந்ததும் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.