ஊரைக் கண்டார், பெயரைக் கண்டிலர்!

மலையும் ஆறும் கழனியும் சூழ்ந்த சிற்றூர்களைக் கண்டு வருதல் இற்றை நகரத் தமிழரிடையே விரைந்து பரவிவரும் பழக்கமாகும். விடுமுறை வந்ததும் மகிழுந்தில் ஏறுகின்றனர். மதுரையினின்று நத்தம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தின்மேற் பறக்கின்றனர், மாந்தோப்பின் முன் நின்று ஒளிப்படம் எடுக்கின்றனர், மாலையில் மீள்கின்றனர். எங்குச் சென்று வந்தீர் என்று வினவினால், 'இல் இசுடேசன்' என்பது விடையாக வருகின்றது. நாடு காணச் செல்வதிற் பிழையொன்றும் இல்லை. மிதித்த மண்ணின் பெயரையும் அதன் பொருளையும் கேளாது மீள்வதே பிழை.

நத்தத்தையே காண்க. வடக்கே கரந்தமலை, மேற்கே சிறுமலை, தெற்கே அழகர்மலை என மலைகள் சூழக் கிடக்கும் ஊர் அது. நத்தம் என்பது குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச்சொல். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, இறை நீக்கப்பெற்ற நிலங்களைக் கல்வெட்டுகள் நிரல்படக் கூறுகின்றன. குளமும் வாய்க்காலும் சுடுகாடும் கூறும் அந்நிரலில் ஊர்நத்தமும் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்தும் அச்சொல் சாகவில்லை. வெள்ளையன் ஆட்சியில் எழுந்த நிலவருவாய்ப் பதிவேடுகளும் அதனை விட்டொழிக்க இயலவில்லை. ஆயின் 'ஊர்' என்பதை நீக்கிக் 'கிராமம்' என்னும் வடசொல்லை முன்னே ஒட்டிக் 'கிராமநத்தம்' ஆக்கிவிட்டனர். தன் காலில் நடந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுத்த கதை இது.

நத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களோ இலக்கணம் கற்றார்க்கு இன்பம் பயப்பன. குறிஞ்சி நிலத்து ஊரைச் சிறுகுடி என்றும் குறிச்சி என்றும் அகப்பொருள் நூலார் கூறுவர். மாணவர் அதனை நூற்பா அளவில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். நத்தம் வட்டத்தில் சிறுகுடி என்றே ஓர் ஊர் உள்ளது, கோசுகுறிச்சி உள்ளது, வடகிழக்கே சென்றால் துவரங்குறிச்சி உள்ளது. நூலில் உள்ள திணை, பேருந்துப் பலகையில் எழுதப்பெற்றுக் கண்முன்னே ஓடுகின்றது. கண்டு வியப்பார் எத்தனை பேர்?

இனி, அழகர்மலை ஆற்றின் நிலையைக் காண்போம். அவ்வாற்றின் பெயர் சிலம்பாறு. பரிபாடலும் சிலப்பதிகாரமும் அறிந்த பெயர் அது. சிலம்பு என்பதற்குத் தமிழில் மலை என்னும் பொருளும் உண்டு; காலணி என்னும் பொருளும் உண்டு. மலையினின்று இழியும் ஆற்றைச் சிலம்பாறு என்றவன் மலையைக் கண்டு பெயரிட்டான். பின்வந்த வடமொழியாளரோ அதனைக் காற்சிலம்பாகக் கொண்டு, 'நூபுரகங்கை' என்று பெயர்த்து, திருமாலின் காற்சிலம்பில் நீர் பட்டு ஆறு பிறந்ததென ஒரு கதையையும் கட்டினர். பெயர்த்தவர்க்கு மலை தெரியவில்லை! போதாக்குறைக்குக் கங்கையையும் கொண்டுவந்து சேர்த்தனர். பாண்டிநாட்டு ஆறு பெருமை பெறுவதற்குக் கங்கையின் பெயரைக் கடன் வாங்க வேண்டுமோ? இன்று அங்கு நீராடச் செல்லும் தமிழருள் பெரும்பாலோர் 'நூபுரகங்கை' என்றே கூறுகின்றனர். சிலம்பாறு என்றால் எங்கே உள்ளது என்று கேட்கின்றனர்.

அப்பாலுள்ள சிறுமலைக்கும் இதே நேர்ந்தது. பெரிய மலைகளை நோக்கச் சிறிதாய் நிற்பது சிறுமலை. இதில் விளக்க என்ன உளது? எனினும், அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையினின்று உதிர்ந்த துண்டு அஃது என்று கதைப்பார் இன்றும் உளர். சிறுமலை வாழை புவிசார் குறியீடு பெற்றது தன் சுவையால். அனுமன் கை பட்டமையால் அன்று. திண்டு போற் கிடக்கும் கல்லைத் திண்டுக்கல் என்றனர் முன்னோர். அதற்கும் பத்மகிரி என ஒரு பெயர் சூட்டப்பெற்றது. பின் வந்த ஆங்கிலன் 'டிண்டிகல்' என்றான். அவன் நாவுக்கு வாராமையால் அவ்வாறு சொன்னான். நம் நாவுக்கு என்ன கேடு?

2020-ஆம் ஆண்டு சூன் திங்களில், 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் குறைபாடு பற்றி எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே அவ்வாணை மீட்டுக்கொள்ளப்பெற்றது. குறையைத் திருத்துவதற்கு மாறாக முயற்சியையே கைவிட்டனர். இரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதி முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் நிலை இதுதான்.

நத்தத்து மண்ணுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1755-இல் எரான் என்னும் ஆங்கிலக் கும்பனிப் படைத்தலைவன் தென்பாண்டி நாட்டில் வரி தண்டி மீண்டபோது, அவன் படையினர் மதுரைக்கு அண்மையிலுள்ள கோவில்குடிக் கோயிலின் திருமேனிகளைக் கவர்ந்து சென்றனர். நத்தம் கணவாயில் கள்ளர் குடியினர் அப்படையை மறித்துத் தாக்கினர், திருமேனிகளை மீட்டனர். பொருளைக் கவர்ந்தவன் அயலான். ஆதலின் மறிக்க ஆள் இருந்தது. இன்று பெயரைக் கவர்பவன் நம்மவனே. தோட்டத்தை விற்கின்றான்; வாங்கியவன் மரங்களை வெட்டி மனைகளாகப் பிரித்துக் 'கிரீன் வேலி' என்று வளைவு கட்டுகின்றான். அந்நிலத்துக்குப் பாட்டன் இட்ட பெயர் ஒரு தலைமுறையில் மறைகின்றது. பெயர் மறைந்தால் அங்கே ஓடை இருந்தது என்பதும் மறைகின்றது. பின்னர் மழைநீர் வீட்டுக்குள் புகுந்தபோது, எங்கிருந்து வந்தது இந்நீர் என்று கைபிசைகின்றனர்.

ஊர்தோறும் குளம், ஓடை, வயற்புறம், பாறை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றுட் பல எந்நூலிலும் ஏறாதவை; எழுபது எண்பது அகவை கடந்த முதியோர் நாவில் மட்டும் உள்ளவை. சுற்றுலாச் செல்வோர் ஒளிப்படக் கருவியோடு ஒரு குறிப்பேடும் கொண்டு செல்லலாம். நத்தம் வட்டத்துப் பள்ளிகளில் மாணவர் தத்தம் ஊர்ப் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவரச் செய்தல் தமிழாசிரியர்க்கு ஒரு கிழமைப் பணி. அதற்கு எவ்வாணையும் வேண்டுவதில்லை.