திறவுகோல் யார் கையில்?

'சாவி' என்னாதீர், 'திறவுகோல்' என்றே சொல்லுங்கள் என்று நம் அன்பர்களை வற்புறுத்தி வருகின்றோம். போர்த்துக்கேசியர் விட்டுச்சென்ற சொல் நமக்கு எதற்கு? ஆனால் இன்றோ, சொல் நம்மிடத்தும் திறவுகோல் பிறரிடத்துமாக இருக்கும் புதுமையைக் காண்கின்றோம்.

பேரையூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, இரவில் மடிக்கணினியை மூடிவைத்து உறங்கச் செல்கின்றாள் என்க. மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்கின்றது. காலையில் திறந்தால் நீலத்திரை. 48 இலக்க மீட்பு எண்ணைத் தருமாறு ஆங்கிலத்தில் ஓர் ஆணை. அவள் அறிந்ததோ தன் கடவுச்சொல் ஒன்றே. அஃது அங்குச் செல்லாது. ஈராண்டு உழைப்பு உள்ளே, உழைத்தவள் வெளியே.

இது வெறும் புனைந்துரையன்று. 2024 சூலை 9-இல் மைக்கிரோசாப்டு நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பிற்குப் பின் விண்டோசுக் கணினிகள் பல இவ்வாறே மீட்பு எண் கேட்டு நின்றன. அடுத்த திங்களில்தான் அது சீர்செய்யப்பட்டது. 2025 மே 13-இல் வந்த புதுப்பிப்பும் விண்டோசு 10 இயங்கிய கணினிகள் சிலவற்றை அந்நிலைக்கே ஆளாக்கிற்று. 2024 சூலை 19-இல் நேர்ந்ததை உலகே அறியும். கிரவுடுசுட்டிரைக்கு என்னும் காவல்மென்பொருள் நிறுவனம் விடுத்த பழுதான கோப்பொன்றால் ஏறத்தாழ 85 நூறாயிரம் கணினிகள் முடங்கின. நம் நாட்டு வானூர்தி நிலையங்களில் ஏறுசீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். (எழுதுகோல் எந்தப் புதுப்பிப்பிற்கும் காத்திருப்பதில்லை!) அப்பழுதை நீக்கவும், வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளுக்கு அதே 48 இலக்க எண்ணே வேண்டியிருந்தது.

பூட்டை யாம் குறை கூறோம். கணினியைத் திருடியவன் உள்ளிருப்பதைப் படித்துவிடாமல் காப்பது அதுவே. கணினி விழிக்கும்போது உள்ளிருக்கும் காவற்சில்லு தொடக்க நிரல்களை அளந்து பார்க்கும்; முன்பிருந்தபடியே இருப்பின் தானே வழிவிடும். புதுப்பிப்பு அவற்றை மாற்றிவிடின், உரியவரையும் திருடரென ஐயுற்று எண் கேட்கும். காவலன் ஐயுறுதல் குற்றமன்று.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. விண்டோசு 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், புதுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்நிறுவனக் கணக்கின் வழியே நுழைந்த அளவில் இப்பூட்டு தானே விழுகின்றது. மீட்பு எண்ணும் அக்கணக்கிற்குள் சென்று தங்குகின்றது. அக்கணக்கு யாருடையது? நம் ஊர்களில் விற்ற கடைக்காரரே தம் மின்னஞ்சலை இட்டுத் தொடங்கிக் கொடுப்பதுண்டு; அன்றி, அன்றைக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கி மறுநாளே மறந்துவிடுவதும் உண்டு. பூட்டு விழுந்ததே தெரியாதவர் திறவுகோலை எங்கே தேடுவார்? எண் தொலைந்தால் மீண்டும் ஆக்கித்தர எம்மாலும் இயலாது என்று அந்நிறுவனமே கூறிவிட்டது. எஞ்சுவது, உள்ளிருப்பதனைத்தையும் அழித்துப் புதிதாய் நிறுவுவதொன்றே.

2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அரசு கணினி வழங்குங்கால், "இதில் பூட்டு உள்ளது, இதன் மீட்பு எண் இங்கே உள்ளது, இவ்வாறு எடுத்து வைத்துக்கொள்க" எனத் தமிழில் அச்சிட்ட அரைத்தாளொன்றையும் உடன் தருதல் வேண்டும். அரைத்தாளுக்கு என்ன செலவாகும்? திரையில் தோன்றும் எச்சரிக்கையும் தமிழிலேயே தோன்றுமாறு அமைத்துத் தருவோரிடமே வாங்குவோம் என்று கேட்கும் வலிமை, இத்துணைக் கணினிகளை மொத்தமாக வாங்கும் அரசுக்கு இல்லையா? கட்டற்ற மென்பொருளாம் லினக்சு வகைகளிலும் பூட்டிவிட்டு மறந்தவர்க்கு மீட்சியில்லை. ஆயினும் அவை பொதுவாகப் பூட்டலாமா என்று முதலில் கேட்கின்றன.

அரசு செய்யும்வரை அன்பர்கள் காத்திருக்க வேண்டா. இன்றே கணினியின் அமைப்புகளுள் புகுந்து பூட்டு உள்ளதா என்று பாருங்கள். இருப்பின் அவ்வெண்ணைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வையுங்கள். கணினிப் பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.