தோட்டாப் பெட்டியும் புனிதர் படமும்

உக்ரைன் தேசத்துக் கீவ் நகரத்தில் அலெக்சாந்தர் கிளிமென்கோ, சோபியா அத்லாந்தோவா என்கின்ற சித்திரக்காரத் தம்பதிகள் இருக்கின்றார்கள். 2014-ல் அந்நாட்டின் கிழக்குப் பாகத்தில் யுத்தம் மூண்ட பிறகு, போர்முனையில் காலியாய்க் கிடந்த தோட்டாப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டுவந்து, அவற்றின்மேல் மரியாள், ஏசு, புனிதர்கள் படங்களை எழுதிப் பல நாடுகளிலும் காட்சிக்கு வைத்து விற்றார்கள். அந்தப் பணம், காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு தொண்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

இது புதிதல்ல. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் பிரிட்டன்மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானங்களின் உலோகத்தை உருக்கி, சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவர் முகத்தையும் பொறித்துக் கைமணிகள் வார்த்து, விமானப் படையாரின் சகாய நிதிக்காக விற்றார்கள்.

இத்தம்பதிகளை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். கொல்லுவதற்கு வந்த பெட்டியைப் பிழைக்க வைப்பதற்கு உபயோகித்தது பெரிய காரியமேயாகும். ஆனால் நமக்கு ஒரு சந்தேகம். தோட்டா வாங்க எந்த சர்க்காராவது படம் எழுதி விற்றதுண்டா? பீரங்கிக்கு வேண்டிய பணம் கஜானாவிலிருந்து தானாக வருகின்றது. அதனால் கால் போனவனுக்குக் கட்டுப்போடும் பணம் மாத்திரம் ஏன் பொதுஜனங்களின் தயவில் வரவேண்டும்? இது உக்ரைன் சர்க்காரை மாத்திரம் கேட்கும் கேள்வியல்ல. சிப்பாய் வைத்திருக்கும் எல்லா சர்க்கார்களையும் கேட்கின்றோம்.

இனிப் படத்தின் மகிமையைப் பார்ப்போம். பலகையிலுள்ள புனிதர் குண்டைத் தடுத்தாரா, அல்லது ஒரு விரல் காயத்தையாவது ஆற்றினாரா? இல்லை. அவரை விற்றுத்தான் மருந்து வாங்கவேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரர்களோ தங்கள் ஸ்தாபனத்துக்கு எந்தப் புனிதர் பெயரையும் வைக்கவில்லை. பிரகோவ் என்கின்ற ரண வைத்தியர் பெயரையே வைத்தார்கள். யார் இந்தப் பிரகோவ்? 1847-ல் காக்கேசியப் போர்க்களத்திலேயே ஈதர் மயக்க மருந்து கொடுத்து ரண சிகிச்சை செய்தவர். கிரிமியா யுத்தத்தில், உடைந்த கால் கைகளை வெட்டி எறிவதே வழக்கமாயிருந்த காலத்தில், மாவுக்கட்டுப் போட்டு அநேகருடைய அவயவங்களைக் காப்பாற்றியவர். காயப்பட்டு வந்தவர்களை அதிகாரி, சிப்பாய் என்று பாராமல், யாருக்கு ஆபத்து அதிகமென்று பார்த்துப் பிரிக்கும் முறையை நடத்திக் காட்டியவர். இத்தனைக்கும் அவர் மாஸ்கோவில் பிறந்த ருஷியர்! ருஷியாவுடன் போராடும் நாட்டார் அவர் பெயரைத் தங்கள் ஆஸ்பத்திரிக்கு வைத்துக்கொள்ளக் கூசவில்லை. மாவுக்கட்டுக்கு தேசம் ஏது?

பக்தர்கள் அந்தப் படத்தைப் பக்திக்காக வாங்கியிருக்கலாம். வாங்கட்டும். நமது தோழர்களில் யாருக்காவது அப்பலகை ஒன்று கிடைத்து, அதை வாங்குவது நமது கொள்கைக்குப் பொருந்துமா என்று கேட்பார்களானால், தாராளமாய் வாங்கலாம் என்றே சொல்லுவோம். புனிதரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பணத்தில் காசு குறையாது.