சிறுநீரக தானமும் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமும்

பத்திரிகைக் காரியாலயங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் அறிவித்தல்களுள் 'சிறுநீரகம் தேவை' என்பதும் ஒன்று. நோயாளியின் குருதி வகையும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். மனமுவந்து உதவ முன்வருவோரை நாடும் வேண்டுகோள் இருக்கும். சிலவற்றில் 'தகுந்த சன்மானம்' என்ற இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு சொற்கள் ஊவாவின் லயங்களில் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதே நமது கவலை.

பதுளை மாவட்டத்துக்குச் சிறுநீரக நோய் புதியதல்ல. மஹியங்கனைக்கு அப்பால் கிராந்துருக்கோட்டைப் பகுதி விவசாயிகள், காரணம் இன்னும் முழுமையாகத் தெளிவுபடாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் நீண்டகாலமாகப் பாதிக்கப்பட்டு வருகின்றனர். பசறை, லுணுகலை, ஹப்புத்தளை மலைகளிலோ நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் இதே நிலைக்குக் கொண்டுபோய் விடுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு அவசியம். தோட்டத்திலிருந்து நகருக்குப் போய்வருவதிலேயே ஒரு குடும்பம் முடங்கிவிடும். எனவேதான் மாற்றுச் சத்திரசிகிச்சை நாடப்படுகின்றது.

உயிருடன் உள்ளவர் தமது ஒரு சிறுநீரகத்தை வழங்குவது 1954இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களிடையே முதன்முதலில் வெற்றி கண்டது. இலங்கையில் 1985இல் வைத்தியர் ரெஸ்வி ஷெரீப் உள்ளிட்ட குழுவினர் அதனைத் தொடக்கிவைத்தனர். சமயமும் குறுக்கே நிற்கவில்லை. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, கொடுப்பவருக்குப் பாரதூரமான தீங்கு நேராத பட்சத்தில் தானத்தை அனுமதித்து, விற்பனையை மறுத்தது. கண்ணப்பரைப் போற்றும் சைவர்களுக்கும் இதில் தயக்கம் இருக்க நியாயமில்லை.

கொடுப்பவருக்குத் தீங்கு நேராதிருத்தல் என்ற நிபந்தனையில்தான் மலையகத்தில் சிக்கல் எழுகின்றது. ஆரோக்கியமான ஒருவர் ஒரே சிறுநீரகத்துடன் நெடுநாள் வாழலாம் என்பது உண்மையே. ஆனால், சத்திரசிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் பாரம் தூக்கலாகாது. ஆயுள் முழுவதும் குருதி அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். காரியாலய உத்தியோகத்தருக்குச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறும் பெண்ணுக்கோ நிறை குறைந்தால் அரைப்பேர். பிரட்டுக்கு வராவிட்டால் அதுவும் இல்லை. அடிப்படை நாட்சம்பளத்தில் சேமிப்பு ஏது? தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த அக்கா, மூன்று மாதம் வீட்டிலிருக்கும்போது அடுப்பெரிய வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

தரகன் தேடி வருவதும் கடனுள்ள வீட்டைத்தான். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்துள்ள போதிலும், பணம் தருவதாகக் கூறிச் சிறுநீரகத்தைப் பெற்று ஏமாற்றிவிட்டதாகக் கொழும்பின் வறிய மக்கள் 2022இல் முறையிட்டனர். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், 96 சதவீதமானோர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின்னர் அவர்களது குடும்ப வருமானம் சராசரியாக மூன்றிலொரு பங்கு வீழ்ந்திருந்தது. பெரும்பாலானோரின் கடனும் தீரவில்லை. சுனாமியால் பெயர்ந்து சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றமை 2007இல் அம்பலமானது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகளைச் சந்தித்த பதுளை மாவட்டம் இதனை மறக்கலாகாது.

தானம் செய்தவர் இழந்த சம்பளத்தையும் பயணச் செலவையும் ஈடுசெய்வது உறுப்புக்கு விலை கொடுப்பதாகாது. 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனமும் இந்த வேறுபாட்டை ஏற்கின்றது. எனவே, தானம் செய்யும் தோட்டத் தொழிலாளிக்கு மூன்று மாதச் சம்பளத்தைச் சுகாதார அமைச்சும் தோட்டக் கம்பனிகளும் பகிர்ந்து பொறுப்பேற்க வேண்டும். திரும்பி வருபவருக்கு இலகுவான வேலை வேண்டும். வருடாந்தப் பரிசோதனையைப் பதுளையிலேயே செய்துகொள்ள வசதி வேண்டும். தொகை பெரிதாகாது, ஏனெனில் ஆண்டொன்றில் இவ்வாறு முன்வருவோர் சிலரே.

பத்திரிகைகளுக்கும், நாம் உட்பட, ஒரு கடமை உண்டு. 'தகுந்த சன்மானம்' என்ற சொற்களைத் தாங்கிவரும் அறிவித்தலைத் திருப்பி அனுப்புவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.