கூரையை வெட்டும் முன் ஒரு நிமிடம்...

போன வாரம் விடுதி அறையில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒருத்தர் தன் வீட்டுக் கார் ஷெட்டில், 1930களின் ஃபோர்டு கூபே ஒன்றின் கூரையை அறுத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி பறக்கிறது, கூரை தனியே வருகிறது, நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்தரையில் வைக்கிறார்கள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அறைத்தோழன் கேட்டான்:

"டேய், வண்டி நல்லாத்தானடா இருக்கு? எதுக்கு அறுக்கிறான்?"

நியாயமான கேள்வி. அரை மணி நேரம் விளக்கியும் அவன் சமாதானமாகவில்லை. விளக்க விளக்க எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கூபே என்றால் இரண்டு கதவு, குட்டையான மேற்கூடு உள்ள கார். அதன் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் பில்லர்களில் இரண்டு, மூன்று, சில சமயம் நாலு அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி மறுபடியும் வெல்டிங் செய்வார்கள். அவர்கள் பாஷையில் இதற்கு 'சாப்' என்று பெயர். கார் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்ட ஆள் மாதிரி ஆகிவிடும்.

இது வெறும் ஸ்டைலுக்காக வந்ததல்ல. தெற்குக் கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகளில் (மியூரோக், எல் மிராஜ்) இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை முறுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937ல் தெற்குக் கலிஃபோர்னியா நேர அளவீட்டுச் சங்கம் உருவானது. 1949ல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புத் தரையிலும் வேக வாரம் தொடங்கினார்கள். இந்த இளைஞர்களுக்கு வரமாக வந்தது 1932 ஃபோர்டு. 221 கன அங்குல வி-8 எஞ்சின், 65 குதிரைத்திறன். சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் முதன்முதலாக வி-8 கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டுதான்.

நம் வகுப்புத் தோழர்களுக்கு அடுத்தது புரியும். காற்றுத்தடை வண்டியின் முகப்புப் பரப்பைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். மேற்கூடு 4 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், 3 அங்குலம் குறைத்தால் 1 சதுர அடி மிச்சம். எஞ்சினில் கூடுதலாகக் குதிரைத்திறன் எடுக்கப் பணம் வேண்டும். கூரையை வெட்ட ரம்பமும் தைரியமும் போதும். பணமில்லாத பையன்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம் :-)

அப்புறம் அழகுக்காகவும் வெட்ட ஆரம்பித்தார்கள். இதில் பெரிய பெயர் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள். பாப் ஹிரோஹாட்டா என்பவரின் 1951 மெர்க்குரி காரை அவர்கள் முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறக்கினார்கள். நடு பில்லரையே எடுத்துவிட்டார்கள். கார் ஆசாமிகளிடம் 'ஹிரோஹாட்டா மெர்க்' என்று சொன்னால் போதும், கண் விரியும். 1973ல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தில் வரும் மஞ்சள் நிற 1932 ஃபோர்டு கூபேயும் கூரை வெட்டியதுதான்.

சரி, வீட்டில் செய்ய முடியுமா? முடியும். நிறைய பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை.

அறுப்பது இதில் சின்ன வேலை. பெரிய வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முதலில் பெட்ரோல் டேங்க், இருக்கை, உள்துணி, கண்ணாடி எல்லாம் வெளியே வர வேண்டும். பிறகு கதவுகளைச் சரியான இடைவெளியில் மூடி வைத்து, உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் செய்து பாடியைக் கட்டிப் போட வேண்டும். கூரைதான் அந்தப் பெட்டியின் மூடி. மூடியைத் திறந்ததும் பக்கங்கள் ஆளுக்கொரு திசையில் சாயும். அப்படிச் சாய்ந்தால் அதன்பின் எந்தக் கதவும் மூடாது. மூலைவிட்டங்களை அளந்து எழுதி வைக்காமல் ரம்பத்தைத் தொடுவது தற்கொலை.

அடுத்து வருவது கணக்கு. பில்லர் செங்குத்தாக நின்றால் பிரச்சினையே இல்லை. 1932 கூபேயின் முன் பில்லர் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால்தான் அதை வெட்டுவது கொஞ்சம் சுலபம். ஆனால் பில்லர் 20 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 3 அங்குலம் எடுத்துவிட்டுக் கூரையை நேராக இறக்கினால், மேல் துண்டும் கீழ்த் துண்டும் சுமார் 1 அங்குலம் விலகி நிற்கும். (3 x டேன் 20. பதினொன்றாம் வகுப்பில் "இது எங்கடா உதவப் போகுது" என்று கேட்டோமே, இங்கேதான்!) முன்னும் பின்னும் அதே சாய்வு என்றால் கூரையின் நீளத்தில் 2 அங்குலம் பற்றாது. ஒன்று பில்லரைச் சாய்க்க வேண்டும், அல்லது கூரையையே குறுக்கே வெட்டி நடுவில் தகட்டுப் பட்டை வைத்து நீட்ட வேண்டும். மெர்க்குரி மாதிரி உருண்டையான கார்களில் பின்கண்ணாடியை வெட்டாமல் அப்படியே முன்னால் சாய்த்துவிடுவதும் உண்டு.

பிறகு வெல்டிங். இங்கே என் அனுபவம் ஒன்று. வொர்க்‌ஷாப் வகுப்பில் இரண்டு மெல்லிய தகடுகளைச் சேர்க்கச் சொன்னார்கள். நான் பெருமையாக ஒரே இழுப்பில் கோடு போட்டு முடித்தேன். ஆறினதும் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. லேப் அண்ணன் சிரித்துவிட்டு, "அங்கங்க டாக் வை தம்பி, ஆற விடு, அவசரப்படாதே" என்றார். பழைய காரின் தகடும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு புள்ளி, ஆறும் வரை காத்திருப்பு, சுத்தியலும் தாங்குகட்டையும் வைத்துத் தட்டல் என்று பொறுமையாகப் போக வேண்டும். நம் ஊர் டிங்கரிங் பட்டறை அண்ணன்களுக்கு இது அத்துப்படி. நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. பழைய ஆட்கள் மூட்டுகளை ஈயம் உருக்கி நிரப்பினார்கள். ஈயத்தைத் தேய்த்துத் தூளாக்கினால் அது நேராக நுரையீரலுக்குள் போகும் விஷம் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாகக் கண்ணாடி. தட்டையான லேமினேட் கண்ணாடியை அளவுக்கு வெட்டலாம். டெம்பர்ட் கண்ணாடியை வெட்டவே முடியாது, தொட்டால் பொடிப்பொடியாகும். ஜன்னலை ஏற்றி இறக்கும் பாகங்களையும் குறைத்த உயரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு காருக்குக் கண்ணாடி கிடைக்குமா என்று பார்க்காமல் கூரையை வெட்டியவன் கதை சோகக்கதைதான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கூரை வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் துருப்பிடிக்காமல் முழுசாக, அசலாக நிற்கிற ஒரு பழைய கூபேயை இன்று வீட்டில் வைத்து வெட்டுவது தவறு என்று நினைக்கிறேன்.

உடனே ஒரு பதில் வரும்: "அவன் கார், அவன் காசு. உனக்கென்ன?" அதைவிடக் கனமான இன்னொரு பதிலும் இருக்கிறது. ஹிரோஹாட்டா மெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறையப் புத்தம்புதிய காராக இருந்தபோதே வெட்டப்பட்டது. 1959ல் ஒரு இளைஞர் அதை 500 டாலருக்கு வாங்கினார். அதே கார் பின்னாளில் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2022 ஏலத்தில் சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது. வெட்டாமல் விட்டிருந்தால் அது ஆயிரத்தில் ஒரு மெர்க்குரி. வெட்டியதால்தான் வரலாறு ஆனது. அப்படியிருக்க, வெட்டாதே என்று சொல்ல நான் யார்?

ரொம்ப யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான். அன்றைக்கு அந்தக் காரைக் கெடுத்திருந்தால் ஒன்றும் பெரிதாகப் போயிருக்காது. அதே மாதிரி கார்கள் தெருவெல்லாம் நின்றன. 1932 ஃபோர்டும் 1950ல் பதினெட்டு வருடப் பழைய, மலிவான வண்டிதான். இன்று அந்த நிலைமை இல்லை. தொண்ணூறு வருடம் தாண்டி அசல் தகட்டோடு மிஞ்சியிருக்கும் கூபே ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. அன்று தோற்றிருந்தால் அந்தப் பையனுக்கு மட்டும் நஷ்டம். இன்று தோற்றால் அதற்கப்புறம் வருகிற எல்லோருக்கும் நஷ்டம்.

அதோடு, இன்று வேறு வழியும் இருக்கிறது. 1932 ஃபோர்டின் பாடியை எஃகுத் தகட்டிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஃபைபர் கிளாஸில், ஏற்கனவே கூரை இறக்கிய பாடியே கிடைக்கிறது. வயலோரம் துருப்பிடித்து, கூரை உளுத்துப்போன பாடிகளும் இருக்கின்றன. அந்த உளுத்த பாடியை எடுத்து வெட்டிச் சேர்த்து ஓட வைப்பவனை நான் கும்பிடுவேன். குப்பைக்குப் போக வேண்டியதற்கு உயிர் கொடுக்கிறான் அவன்.

இன்னொன்று, பாதியில் நின்றுபோகிறவர்கள். கூரை தனியாகவும் உடல் தனியாகவும் "நேரமில்லை, விற்பனைக்கு" என்று விளம்பரத்துக்கு வரும் கார்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எஞ்சினைக் கழற்றிப் பாதியில் விட்டால் அடுத்தவன் மாட்டிவிடலாம். பெயின்ட்டைச் சுரண்டினால் மறுபடி அடிக்கலாம். அறுத்த 3 அங்குலத்தை மறுபடி வைப்பது லேசில் நடக்கிற காரியமா? ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு அது பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு விலை கொடுப்பது கார்.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவது அந்தப் பில்லர்கள்தான். உள்ளே தகடு கொடுத்து வலுப்படுத்தாமல் மேலாக ஒட்டி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. பார்வையும் குறையும். சிக்னலில் முதலில் நின்றால் மேலே உள்ள விளக்கே தெரியாது என்பதால், டாஷ்போர்டில் சின்னப் பட்டகம் ஒன்றை வைத்து அதில் விளக்கைப் பார்க்கிறவர்களும் உண்டு!

"நம்ம ஊரில் செய்யலாமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்ற விடாது. 2021ல் வந்த பழம்பெரும் வாகன விதிகளும் 50 வருடம் தாண்டிய வண்டி அசல் பாடியோடு இருந்தால்தான் அந்தத் தகுதியைத் தருகின்றன.

இதையெல்லாம் அறைத்தோழனிடம் மறுபடி சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முடியை ஒட்ட வெட்டினா வளர்ந்துடும்டா. தகடு வளராதில்ல?" என்றான். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

பி.கு: அந்த வீடியோக்காரர் வெட்டியது உளுத்துப்போன பாடிதானாம். கடைசிப் பகுதியில்தான் சொன்னார். முழுசாகப் பார்க்காமல் திட்டியதற்கு அவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.